மாடுகள் செத்த வாரத்தில் ஆபீஸுக்குப் பூட்டு: அமெரிக்க விவசாயிக்குப் பேரிடர் நிவாரணம் எப்படி வருகிறது?

2013 அக்டோபர் 1-ம் தேதி அமெரிக்க மத்திய அரசு 'ஷட்டவுன்' ஆனது. செலவுக்கான ஒப்புதலில் நாடாளுமன்றத்துக்குள் உடன்பாடு வரவில்லை. அதனால், அத்தியாவசியம் என்ற பட்டியலில் இல்லாத அலுவலகங்கள் எல்லாம் மூடப்பட்டன. இரண்டு நாள் கழித்து, தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மழை பிடித்தது. மழை பனியானது. புயல் ஓய்ந்து வானம் வெளுத்தபோது மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன.

இழப்பைப் பதிவு செய்ய அவர்கள் போக வேண்டிய இடம், அந்தந்த கவுன்ட்டியில் இருக்கும் மத்திய வேளாண் துறையின் ஆபீஸ். அது பூட்டிக் கிடந்தது. சரி, திறந்திருந்தால்? அப்போதும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. செத்த கால்நடைக்குப் பணம் தரும் திட்டம் இரண்டு வருடங்களுக்கு முன்பே காலாவதியாகி இருந்தது.

உலகிலேயே விவசாயத்துக்கு அதிகம் செலவழிக்கும் அரசுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே பேரிடரில் எல்லாம் இழந்த ஒருவருக்குச் செக் எப்படி வருகிறது, எங்கே சிக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு புயல் போதும்.

அக்டோபரில் ஏன் இத்தனை மாடுகள் செத்தன?

2013-ல் தெற்கு டகோட்டாவில் மனிதர்களைவிட மாடுகள் நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தன. மக்கள்தொகை சுமார் எட்டரை லட்சம். மாடுகள் சுமார் 38 லட்சம். புயலில் அடிவாங்கிய இடங்களில் ஒன்றான மீட் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளலாம். கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம் மாதிரி. மீட் கவுன்ட்டியின் பரப்பு சுமார் 9,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் 2010 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 25 ஆயிரம் பேர் சொச்சம்தான். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீடு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இந்தத் தூரம் பிறகு நிவாரணக் கதையிலும் வருகிறது.

பனிப்புயல் அந்த மக்களுக்குப் புதிதல்ல, மாடுகளுக்கும் புதிதல்ல. ஆனால் இது வந்த நேரம் தப்பு. அக்டோபர் தொடக்கத்தில் மாடுகள் இன்னும் கோடைக்கால மேய்ச்சல் நிலத்தில்தான் இருந்தன. பள்ளத்தாக்கும் மரமும் உள்ள குளிர்கால இடங்களுக்கு அவற்றை இன்னும் ஓட்டி வரவில்லை. குளிருக்கு வளரும் அடர்ந்த ரோமமும் வளர்ந்திருக்கவில்லை. முதலில் மணிக்கணக்கில் மழை பெய்து தோல்வரை நனைத்துவிட்டது. அப்புறம் வெப்பநிலை விழுந்தது, பனி கொட்டியது, மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தது. ரேபிட் சிட்டி நகரில் சுமார் இரண்டு அடி பனி. மலைமேல் இருக்கும் லீட் என்ற சிற்றூரில் நாலரை அடி.

காற்று அடித்தால் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். அதன் இயல்பு அது. வேலி வந்தால் நிற்கும். வேலியைப் பனி மூடிவிட்டால் அதன்மேலேயே ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் பல மைல் நடந்து ஓடைகளிலும் குட்டைகளிலும் விழுந்து செத்தவை பல. பனி உருகியதும், யாருடைய மாடு யாருடைய நிலத்தில் கிடக்கிறது என்று சூடு போட்ட அடையாளத்தை வைத்துத் தேட வேண்டியிருந்தது.

மொத்தம் எத்தனை செத்தன? முதல் நாட்களில் ஒரு லட்சம் வரை பேசப்பட்டது. பிறகு உரிமையாளர்களே மாநிலக் கால்நடை வாரியத்திடம் சொன்ன கணக்கு அதைவிட வெகு குறைவு. ஆனாலும் பத்தாயிரத்துக்கு மேல். அந்த வாரத்தில் எண்ண வேண்டிய மத்திய அரசு ஊழியர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கை இன்றுவரை தெளிவாக இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்ஷூரன்ஸ் இல்லையா?

அமெரிக்க விவசாயி என்றதும் எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கும் என்று தோன்றும். பயிருக்கு இருக்கிறது. சோளம், சோயா, கோதுமை போடுகிறவர் பயிர்க் காப்பீடு எடுத்தால் பிரீமியத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் அரசே கட்டிவிடும். அந்தக் காப்பீடு தனியாக, காலாவதி இல்லாத ஒரு சட்டத்தின் கீழ் நடக்கிறது. ஷட்டவுன் வந்தாலும் பாலிசி செத்துப்போகாது.

மாடு வளர்ப்பவருக்கு இந்தக் குடை இல்லை. அவருக்கென்று அரசு ஆதரவோடு இருந்த பாலிசிகளில் ஒன்று விலை விழுந்தால் பணம் தரும். இன்னொன்று புல்வெளியில் மழை குறைந்தால் பணம் தரும். மாடு செத்தால் தராது. மாநிலத்தின் கிழக்குப் பாதியில் சோளம் போடுபவருக்கும் மேற்குப் பாதியில் மாடு மேய்ப்பவருக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2008 வேளாண் சட்டத்தில் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆங்கில முதலெழுத்துகளில் சொன்னால் 'எல்.ஐ.பி.' அதற்கு முன்பு ஒவ்வொரு பேரிடருக்கும் நாடாளுமன்றம் தனியாக ஒரு மசோதா போட வேண்டும். அது வரும், வராது, மூன்று வருடம் கழித்தும் வரும். 2008 சட்டம் இதை நிரந்தரமாக்கவில்லை. 2011 செப்டம்பர் 30 வரை மட்டும்தான் என்று தேதி போட்டுவிட்டது. 2013 ஜனவரியில் அந்தச் சட்டத்தை நீட்டித்தபோது பேரிடர் திட்டங்களுக்கு அனுமதி மட்டும் கொடுத்தார்கள், பணம் ஒதுக்கவில்லை. சாப்பாட்டு டோக்கனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காத மாதிரி. அந்த நீட்டிப்பும் 2013 செப்டம்பர் 30-ம் தேதி முடிந்தது. மழை தொடங்கியது அக்டோபர் 3.

'பேரிடர் பகுதி' என்று அறிவித்தால் பணம் வராதா?

வராது. பலரும் குழம்புகிற இடம் இதுதான்; அமெரிக்கர்களே குழம்புகிறார்கள்.

அதிபர் ஒரு மாநிலத்தைப் பேரிடர் பகுதியாக அறிவித்தால் 'ஃபெமா' என்கிற பேரிடர் நிர்வாக அமைப்பு களமிறங்கும். உடைந்த சாலை, சாய்ந்த மின்கம்பம் போன்ற பொதுச் சொத்துகளைச் சரிசெய்யும் செலவில் பெரும்பங்கை அது தரும். அட்லஸ் என்று டி.வி. சேனல் ஒன்று பெயர் வைத்த இந்தப் புயலுக்கும் 2013 நவம்பரில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. ஆனால் செத்த மாடு ஃபெமாவின் கணக்கில் வராது.

வேளாண் அமைச்சர் ஒரு கவுன்ட்டியைப் பேரிடர் பகுதி என்று அறிவிப்பது வேறு. ஏதாவது ஒரு பயிரில் குறைந்தது 30 சதவீதம் இழப்பு இருந்தால், அல்லது வறட்சி வரைபடத்தில் குறிப்பிட்ட நிறத்தைத் தொட்டால், இந்த அறிவிப்பு கிடைக்கும். ஒட்டியுள்ள பக்கத்துக் கவுன்ட்டிகளும் தானாகச் சேர்ந்துவிடும். செய்தியில் 'பேரிடர் கவுன்ட்டி' என்று பெரிதாக வரும். அதனால் விவசாயிக்குத் திறக்கும் முக்கியமான கதவு, குறைந்த வட்டி அவசரக் கடன். அதிகபட்சம் 5 லட்சம் டாலர். கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். ஏற்கெனவே பேங்க்கில் கடன் வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

திருப்பித் தர வேண்டாத பணம் எல்.ஐ.பி. போன்ற திட்டங்களிலிருந்துதான் வரும். அதைக் கையாள்வது எஃப்.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் பண்ணைச் சேவை முகமை. நாடு முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் ஆபீஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கமிட்டி. அதன் உறுப்பினர்களை உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1930-களிலிருந்து வரும் ஏற்பாடு இது. யாருடைய விண்ணப்பம் நியாயம், யாருடையது இல்லை என்பதில் அந்தக் கமிட்டியின் வார்த்தைக்குக் கனம் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தென் மாநிலங்களில் இதே கமிட்டிகள் பல்லாண்டுகளாகக் கறுப்பின விவசாயிகளின் கடன் விண்ணப்பங்களை இழுத்தடித்தன என்ற வழக்கு 1999-ல் சமரசத்தில் முடிந்து, அரசு 100 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க நேர்ந்தது. தெரிந்தவர்கள் தீர்மானிப்பதில் வசதியும் உண்டு, விபரீதமும் உண்டு.

ஆபீஸ் மூடினால் என்ன ஆகும்?

புயலுக்குப் பிறகான இரண்டு வாரமும் மீட் கவுன்ட்டிக்காரர்களுக்குத் தனி அவஸ்தை. திட்டம் உயிரோடு இல்லை. இருந்தாலும், 'என்றைக்காவது வரும், முன்தேதியிட்டுத் தருவார்கள்' என்ற நம்பிக்கையில் ஆதாரத்தைச் சேர்த்துவைக்க வேண்டும். என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. விவசாயி சங்கங்களும் மாநில அதிகாரிகளும் சொன்னது இதுதான்: எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், தேதி எழுதுங்கள், வங்கிக் கடன் தாளிலோ கால்நடை டாக்டர் பில்லிலோ மாட்டுக் கணக்கு இருந்தால் பத்திரப்படுத்துங்கள், பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். திட்ட விதிப்படி சாட்சி சொல்கிறவர் குடும்ப உறுப்பினராக இருக்கக் கூடாது. பண்ணையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராகவும் இருக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்காரர் எட்டு மைல் தள்ளி இருக்கிறார். அவரும் தன் மாடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். செத்த மாடு ஆதாரம்தான், ஆனால் அதை அப்படியே போட்டுவைக்க முடியாது. நோய் பரவும், தண்ணீர் கெடும். சீக்கிரம் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். பக்கத்துப் பென்னிங்டன் கவுன்ட்டியில் உடல்களைப் போடப் பெரிய குழிகள் வெட்டப்பட்டன. குழிக்குள் போய்விட்டால் மிஞ்சுவது செல்போனில் இருக்கும் போட்டோ மட்டும்தான்.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படாதது. எஃப்.எஸ்.ஏ. நிவாரணம் மட்டும் தருவதில்லை, கடனும் தருகிறது. அதில் கடன் வாங்கியவர் மாட்டையோ தானியத்தையோ விற்றால் செக் இருவர் பெயரில் வரும்: விவசாயி பெயரும், அரசு முகமையின் பெயரும். இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் பேங்க் பணம் தரும். ஆபீஸ் பூட்டியிருந்ததால் அந்த அக்டோபரில் நாடு முழுக்கப் பல விவசாயிகளின் செக் கையிலேயே கிடந்தது. அவர்கள் கேட்டது உதவிகூட இல்லை, தாங்கள் விற்ற சரக்குக்கான சொந்தப் பணம்.

வாஷிங்டனில் இழுபறி மாட்டைப் பற்றியது அல்ல. 1973-லிருந்து ஏழைகளுக்கான உணவு உதவியும் விவசாய மானியமும் ஒரே சட்டத்தில்தான் வருகின்றன. நகரத்து எம்.பி.க்கள் விவசாயத்துக்கும், கிராமத்து எம்.பி.க்கள் உணவு உதவிக்கும் ஓட்டுப் போட வைக்கும் பழைய ஒப்பந்தம் அது. 2013-ல் அது உடைந்தது. ஜூன் மாதம் கீழவையில் வேளாண் மசோதா 195-க்கு 234 என்று தோற்றது. செப்டம்பரில், உணவு உதவியில் பத்து வருடத்துக்குச் சுமார் 4,000 கோடி டாலரை வெட்டும் தனி மசோதாவைக் கீழவை நிறைவேற்றியது. மேலவை அதை ஏற்கத் தயாரில்லை. மாட்டுக்கான இழப்பீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அது அந்த மூட்டைக்குள் கட்டப்பட்டிருந்தது. தெற்கு டகோட்டாவின் ஒரே கீழவை எம்.பி. அப்போது கிறிஸ்டி நோம்; மாட்டுப் பண்ணைக் குடும்பத்துக்காரர், இரு அவைகளின் சமரசக் குழுவிலும் இருந்தார். அவராலும் மூட்டையிலிருந்து அதை மட்டும் உருவி எடுக்க முடியவில்லை.

அதற்குள் ஊர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. மாநிலத்தின் மாடு, ஆடு வளர்ப்போர் சங்கங்கள் சேர்ந்து நிவாரண நிதி திரட்டின. பக்கத்து மான்டானா மாநிலத்தில் பண்ணைக்காரர்கள் தங்கள் கிடாரிகளை இலவசமாக லாரி ஏற்றி அனுப்பினார்கள். பணத்தைவிட அது புத்திசாலித்தனமான உதவி என்றே சொல்ல வேண்டும். மந்தையில் ஒரு தாய்மாடு போனால் போவது ஒரு மாட்டின் விலை மட்டுமல்ல. வரப்போகும் பல வருடக் கன்றுகளும் போகின்றன.

பணம் எப்போது, எவ்வளவு வந்தது?

2014 பிப்ரவரி 7-ம் தேதி அதிபர் ஒபாமா மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வைத்து புதிய வேளாண் சட்டத்தில் கையெழுத்திட்டார். கால்நடைத் திட்டங்கள் இந்த முறை காலாவதித் தேதி இல்லாமல் வந்தன. அதோடு 2011 அக்டோபர் 1 முதலான இழப்புகளுக்கும் முன்தேதியிட்டுப் பணம் தரலாம் என்றது சட்டம். ஏப்ரல் 15 முதல் விண்ணப்பங்கள் வாங்கப்பட்டன. புயல் ஓய்ந்து ஆறு மாதம் பத்து நாள் ஆகியிருந்தது.

கணக்கு இப்படி. முதலில், எந்த வருடமும் சாதாரணமாகச் சாகும் எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். மிச்சத்துக்குத்தான் பணம், அதுவும் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 300 மாடு வைத்திருந்தவருக்கு 60 செத்தது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இறப்பு 2 சதவீதம் என்றால் 6 மாடு கழியும். மிச்சம் 54. ஒரு மாட்டின் விலை 1,600 டாலர் என்றால் கிடைப்பது 1,200. மொத்தம் 64,800 டாலர். மந்தையில் ஐந்தில் ஒரு பங்கு போனவருக்கு இது நிஜமான உதவிதான், குறைசொல்ல ஒன்றுமில்லை.

பெரிய இழப்பு வந்தவருக்குத்தான் கணக்கு இடிக்கும். அன்றைய சட்டப்படி ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு உச்சவரம்பு 1,25,000 டாலர். அதே கற்பனை விலையில், 104 மாட்டுக்கு மேல் செத்த ஒவ்வொரு மாட்டுக்கும் கிடைப்பது பூஜ்யம். அதிகம் அடிபட்டவருக்கு விகிதத்தில் குறைவு. இந்த வரம்பை எல்.ஐ.பி.க்கு 2018-ல் நீக்கினார்கள், நான்கு வருடம் கழித்து.

வயிற்றில் கன்றோடு செத்த மாட்டுக்கும் கணக்கில் அது ஒரு மாடுதான். அக்டோபரில் அங்கே பெரும்பாலான தாய்மாடுகள் சினையாகத்தான் இருக்கும். பிறக்காத கன்றுக்கும் கூடுதல் தொகை என்ற விதி 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில்தான் வந்தது. அதுவும் 2024 ஜனவரி முதலான இழப்புகளுக்கு.

இன்னொரு கூத்தும் உண்டு. பல அரசுச் செலவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் ஏற்பாடு ஒன்று அப்போது நடைமுறையில் இருந்தது. அதன்படி 2014 செப்டம்பர் 30-க்குள் விண்ணப்பத்தை முழுமையாக முடித்தால் முழுத்தொகை. அன்றைக்குப் பிறகு வந்தால் 7.3 சதவீதம் குறைவு. விண்ணப்பிக்கக் கடைசி நாளோ 2015 ஜனவரி 30. இரண்டு பேருக்கும் ஒரே புயல், ஒரே இழப்பு. ஃபைல் போன தேதி வேறு, அதனால் தொகையும் வேறு.

முன்தேதியிட்ட அந்தப் பணத்தில் பெரும்பகுதி புயலில் மாடு செத்தவர்களுக்குப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-ல் நாட்டின் நடுப்பகுதியையே வாட்டிய வறட்சிக்காக, மேய்ச்சல் நிலம் காய்ந்தவர்களுக்கு அதே சட்டத்தில் இன்னொரு திட்டம் இருந்தது. அதில் போட்டோ தேவையில்லை, பிணம் எண்ண வேண்டியதில்லை. வாராவாரம் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் ஒரு கவுன்ட்டி எந்த நிறத்தில், எத்தனை வாரம் இருந்தது என்பதை வைத்தே மாதக் கணக்கில் பணம். சுலபம், வேகம், ஊழலுக்கும் இடம் குறைவு. ஆனால் கவுன்ட்டி முழுக்க ஒரே நிறம் இல்லை என்றாலும் பணம் எல்லாருக்கும் உண்டு. தன் பக்கம் நல்ல மழை பெய்தவருக்கும் உண்டு. பொருளாதார நிபுணர்கள் சிலர் இதைக் கேள்வி கேட்கிறார்கள்: வரைபடமே பணம் தரும்போது காப்பீடு எடுக்க யார் மெனக்கெடுவார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் ஒரே இரவில் மந்தை போனவரிடம் கேட்கும் கேள்வி அல்ல அது. அவருக்கு வாங்க அரசு ஆதரவுள்ள காப்பீடே இருக்கவில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டதா?

பாதி மாறியிருக்கிறது. எல்.ஐ.பி. இப்போது நிரந்தரத் திட்டம். வேளாண் சட்டம் தாமதமானாலும் அது செத்துப்போகாது. வேளாண் துறையின் கையிருப்பு நிதியிலிருந்து பணம் வரும். மாடு செத்தால் இழப்பீடு உண்டு என்பது இன்று மீட் கவுன்ட்டிக்காரருக்குத் தெரியும். 2013-ல் தெரிந்திருக்கவில்லை.

மாறாதது ஆபீஸ். 2018 டிசம்பரில் தொடங்கிய ஷட்டவுனில் எஃப்.எஸ்.ஏ. மறுபடியும் மூடியது, ஜனவரி நடுவில் சில ஆபீஸ்களை மூன்று நாளுக்கு மட்டும் திறந்தார்கள். கடன் வாங்கியவர்களின் செக்கில் கையெழுத்துப் போடுவதும் அந்த மூன்று நாள் வேலைகளில் ஒன்று. 2025 அக்டோபர் 1-ல் மீண்டும் ஷட்டவுன். எஃப்.எஸ்.ஏ.வின் முக்கியப் பணிகள் மூன்று வாரம் நின்றன. அக்டோபர் 23-ம் தேதிதான் சுமார் 2,100 ஆபீஸ்களைத் திறந்தார்கள், ஒவ்வொன்றிலும் இரண்டே ஊழியர்களோடு. நவம்பர் 12 வரை அப்படித்தான் ஓடியது.

அந்த மூன்று வாரத்தில் தெற்கு டகோட்டாவின் மாடுகள் வழக்கம்போலக் கோடை மேய்ச்சலில் இருந்தன.